ஃப்ளேர் எப்போதும் சீக்கிரமாகிவிடுகிறது: பத்து அடியை எப்படிக் கணிப்பது?

புதுச்சிறகு:
பாராசூட்டோடு விமானத்திலிருந்து குதிக்கப் பழகுகிறேன். ஏஎஃப்எஃப் (பயிற்றுநர் கூடவே குதிக்கும் ஆரம்பப் பயிற்சி) முடிந்து தனியாகக் குதிக்கும் கட்டம். கேனோபி (விரிந்த பாராசூட் துணி) 230 சதுர அடி, கியரோடு சேர்த்து எடை 87 கிலோ. மேலே எல்லாம் சரியாக இருக்கிறது, கடைசிப் பத்து நொடிதான் தகராறு. இருபது அடியிலேயே டாகிள் (பிரேக் கயிற்றின் கைப்பிடி) இரண்டையும் முழுசாக இழுத்துவிடுகிறேன், அப்புறம் பொத்தென்று உட்கார வேண்டியதுதான். காற்றே இல்லாத நாளில் இன்னும் மோசம். "பத்து, பன்னிரண்டு அடியில் ஃப்ளேர்" என்கிறார்கள், அதாவது தரையைத் தொடுமுன் இறக்கத்தைத் தணிக்க இரண்டு டாகிளையும் இழுப்பது. மேலேயிருந்து வரும்போது பத்து அடி எது என்று எப்படித் தெரியும்? தெரியாமல் முன்கூட்டியே இழுத்துவிட்டால் என்ன செய்வது?

தெற்குக்காற்று:
87 கிலோ என்றால் ஏறக்குறைய 192 பவுண்ட். 230-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 0.83 பவுண்ட் சுமை. சாதுவான கேனோபிதான், அதைக் குறை சொல்ல வேண்டாம். சிக்கல் கண்ணில் இருக்கிறது.

காலுக்கு நேர்கீழே பார்த்தால் தரை குபீரென்று எழும்பி வருவதுபோல் தோன்றும், கை தானாக இறங்கிவிடும். பார்வையை முன்னால் சாய்வாக, தொடுவானத்துக்கும் பாதத்துக்கும் நடுவில் வையுங்கள். ஆல்டிமீட்டரை (உயரமானியை) இந்த உயரத்தில் மறந்துவிடுங்கள், பத்து அடியைக் காட்டும் துல்லியம் அதற்குக் கிடையாது. வீட்டில் ஒரு பயிற்சி: மாடி எடுக்காத வீட்டின் மொட்டைமாடியில் நின்று, ஐம்பது அடி தள்ளியிருக்கும் தரையைப் பாருங்கள். உங்கள் பாதம் இப்போது பத்துப் பன்னிரண்டு அடியில் இருக்கிறது. புல், கல், வேலி எல்லாம் எந்த அளவில் தெரிகின்றன என்பதைக் கண்ணுக்குப் பழக்குங்கள். கைப்பிடிச் சுவருக்கு இந்தப்பக்கமே நின்று பார்த்தால் போதும்.

கையை ஒரே இழுப்பில் இறக்காதீர்கள். முதலில் நெஞ்சு மட்டம் வரை, இரண்டும் ஒரே சீராக. நீங்கள் கேனோபிக்குக் கொஞ்சம் முன்னால் ஊசலாடிப் போவீர்கள், கேனோபியின் மூக்கு (முன்விளிம்பு) நிமிரும், இறக்கம் தட்டையாகும். அங்கே நிறுத்தி, மறுபடி தரை நெருங்க ஆரம்பித்ததும் மீதியை இடுப்பு வரை முடியுங்கள்.

சீக்கிரம் ஆரம்பித்துவிட்டால், கை எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கட்டும். பதறி டாகிளை மேலே விட்டால் கேனோபி முன்னால் பாய்ந்து மூக்கைக் குத்தும், அந்த உயரத்தில் அது மீண்டு வர இடமில்லை. மிச்சமிருக்கும் இழுப்பைக் கடைசி ஐந்தாறு அடிக்கு வைத்துக்கொண்டு, பிஎல்எஃப்புக்கு (அடியை உடலெங்கும் பிரித்து உருண்டு விழும் முறைக்கு) தயாராகுங்கள்: பாதமும் முழங்காலும் ஒட்டி, முழங்கால் லேசாக மடங்கி, தாடை நெஞ்சோடு. அடி பாதத்திலிருந்து கெண்டைக்கால், தொடையின் பக்கவாட்டு, இடுப்பு, எதிர்த்தோள் என்று உருண்டு பிரிய வேண்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும்.

மேகமூட்டம்:
மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் சீக்கிரமான ஃப்ளேர் பெரும்பாலும் புட்டத்தில் வலியோடு முடியும். எலும்பை உடைப்பது தாழ்வான உயரத்தில் போடும் திருப்பம். எதிர்காற்றுக்கு முகம் திருப்பியே ஆக வேண்டும் என்று நூறு அடியில் ஒரு டாகிளை முழுசாக இழுத்தால், கேனோபி சாய்ந்து மூக்குக் குத்தியபடி தரையில் மோதும். அந்த நேரத்தில் பின்காற்றிலேயே நேராக இறங்குவதுதான் புத்திசாலித்தனம். முதல் விதி சிறகு (கேனோபி) மட்டமாக இருக்க வேண்டும், இரண்டாவது தடையில்லாத வெளி, மூன்றாவது குறைந்தது பாதி பிரேக் (டாகிளைப் பாதி இழுத்த நிலை) அளவுக்காவது ஃப்ளேர். காற்றின் திசை இவற்றுக்குப் பிறகுதான்.

இடத்தைக் கடைசியில் தேடாமலிருக்கத்தான் பேட்டர்ன், அதாவது இறங்குவதற்கு முன்பே வகுத்த பாதை. 1000 அடியில் பின்காற்றுப் பாதை, 600-இல் குறுக்குப் பாதை, 300-இல் எதிர்காற்றை நோக்கிக் கடைசிப் பாதை. காற்று பலமானால் இந்த மூலைகளை எல்லாம் காற்று வரும் பக்கமாக நகர்த்துங்கள், இல்லாவிட்டால் கடைசியில் முன்னேற முடியாமல் திடலுக்கு முன்பே இறங்குவீர்கள். எங்கே இறங்குவீர்கள் என்று அறிய ஓர் எளிய வழி: கடைசிப் பாதையில் பார்வையில் மேலேறாமலும் கீழிறங்காமலும் நிற்கும் புள்ளியே உங்கள் இடம். மேலேறும் புள்ளி எட்டாது, காலடிக்குள் நுழைவது தாண்டிப்போகும். மரம், கட்டடங்களின் பின்னால், காற்று அடிக்கும் பக்கத்துக்கு மறுபுறம், அவற்றின் உயரத்தைப்போல் பத்து இருபது மடங்கு தூரம் வரை சுழல்காற்று இருக்கும். ஐம்பது அடி மரத்துக்கு 500 முதல் 1000 அடி வரை.

புதுச்சிறகு:
புரிகிறது. பின்காற்றில் இறங்கினால் ஃப்ளேர் உயரம் மாறுமா? காற்றில்லாத நாளில் மோசமாவதும் அதனால்தானா?

தெற்குக்காற்று:
உயரம் மாறாது. காற்று எந்தத் திசையில் அடித்தாலும் கேனோபிக்குக் காற்றின் ஊடான வேகம் ஒன்றுதான், தரையைக் கடக்கும் வேகம் மட்டும் மாறுகிறது. எதிர்காற்று குறைந்தாலோ பின்காற்று தள்ளினாலோ தரை ஓடுவதைப் பார்த்துப் பயந்து சீக்கிரம் இழுக்கிறோம். பயிற்சியில் அதைத்தான் உடைக்க வேண்டும். வெயில் கொளுத்தும் நாளில் காற்று அடர்த்தி குறையும், அன்று உண்மையிலேயே வேகம் கூடும்.

ரிக்கர் மாமா:
கயிறையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிக் கேனோபிகளில் பிரேக் கயிறு வேண்டுமென்றே கொஞ்சம் நீளமாகவும் இருக்கும், பழசானால் சுருங்கியும் போகும். முழு வேகத்தில் கை முழுசாக மேலே இருக்கும்போது கயிறு லேசாகத் தொய்ந்து வில்போல் வளைந்திருக்க வேண்டும், பின்விளிம்பு இழுபடக் கூடாது. அதே சமயம் தொய்வு அதிகமானால், கை குட்டையானவர்கள் இடுப்பு வரை இறக்கினாலும் ஃப்ளேர் முழுமையாகாது. கையில் சுற்றிக்கொள்ளும் யோசனை வேண்டாம், அளவை ரிக்கர் (பாராசூட்டைப் பராமரிப்பவர்) மாற்றித் தரட்டும்.

பயிற்சியை மேலேயே செய்யுங்கள். திறந்ததும் சதுரமா, நிலையாகப் பறக்கிறதா, திரும்புகிறதா, ஃப்ளேர் ஆகிறதா என்று பார்த்துவிட்டு, இதிலேயே இறங்குவதா, இதை விடுவித்து ரிசர்வ் பாராசூட்டுக்குப் போவதா என்று 2500 அடிக்குள் முடிவெடுத்தாக வேண்டுமே, அது முடிந்ததும் ஒவ்வொரு குதிப்பிலும் நாலைந்து ஃப்ளேர் போட்டுப் பாருங்கள். அக்கம்பக்கம் யாருமில்லை என்று கவனித்துவிட்டுத்தான். நெஞ்சு மட்டத்தில் கேனோபி எப்படி நடந்துகொள்கிறது, எந்த இடத்தில் ஸ்டாலை (பறக்கும் திறன் இழந்து சரியும் நிலையை) நெருங்குகிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். பாதி பிரேக்கில் பிடித்துக்கொண்டு ஒரு பக்கத்தை மட்டும் சற்று மேலே விட்டால் உயரம் அதிகம் இழக்காமல் திரும்பலாம், அதையும் பழகுங்கள். 1000 அடிக்குக் கீழே இந்தப் பயிற்சிகள் வேண்டாம்.

இறங்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கக் கையைத் தரைக்கு நீட்டாதீர்கள். நீட்டினால் அந்தப் பக்க டாகிள் இழுபட்டு அங்கேயே இன்னும் திரும்பும். காற்று இருந்தால், நின்றதும் ஒரு டாகிளை மட்டும் முழுசாக இழுத்தபடி கேனோபியை நோக்கி ஓடுங்கள், சுருங்கிவிடும்.