குளிர் மாசத்துக்கு வீட்டுக் குளம், தோட்டம்: உங்க அனுபவத்தைப் போடுங்க

மேட்டுவீடு (ரிங்லெட், மலேசியா கேமரன் மலை)
பொங்கலுக்கு முன்னால வர்ற குளிர் இங்க எல்லாருக்கும் தெரியும். எங்க வீட்டுப் பின்னால இடுப்பளவு ஆழத்துல சிமெண்ட் குளம், கோய் மீனும் (அழகுக்கு வளர்க்கற கெண்டை) கொஞ்சம் திலாப்பியாவும். போன டிசம்பர்ல வெயில் முகமே காட்டல, மூட்டமும் தூறலுமாவே கிடந்துச்சு. ஒரு நாள் காலைல பல் விளக்கிக்கிட்டே போய்ப் பார்க்கறேன், அத்தனை மீனும் அடியில ஒரே மூலையில ஒதுங்கிக் கிடக்கு. மேல அத்தை போட்ட சோறு ஊதிப்போய் மிதக்குது. சுவரைத் தட்டினா ஓடி வர்ற பெரிய சிவப்பு மீனு ஒன்னு உண்டு. தட்டறேன், தட்டறேன், துடுப்புகூட அசையல. கண்ணு மட்டும் மெதுவா என் பக்கம் திரும்புச்சு. கோய் எல்லாம் தப்பிச்சிடுச்சு, திலாப்பியா பாதி போச்சு. ஆனா அந்தக் கண்ணுதான் மனசுல நிக்குது. "பசியில கிடக்கு, போடு"ங்கறாங்க அத்தை. "குளிர்ல செரிக்காது"ங்கறேன் நான். இந்த வருஷச் சண்டை இப்பவே ஆரம்பிச்சாச்சு. உங்க வீட்டுல எப்படி?

தாப்பாரோட்
குளிர் உங்களுக்கு. மலைக்குக் கீழ எங்களுக்கு மழைதான் குளிர். தீபாவளி முடிஞ்சதும் பிடிச்ச ஒரு சாயங்கால மழை, நடுராத்திரி வரைக்கும் விடல, இடியில கரண்டும் போச்சு. விடியறதுக்கு முன்னால பின்கட்டுல சத்தம். சப்பு சப்புன்னு, யாரோ கிழவி வெத்தலை மெல்லுற மாதிரி. டார்ச் அடிச்சா குளம் முழுக்க வாய்! எல்லா மீனும் மேல வந்து காத்தைக் குடிக்குது. வாளிய எடுத்தேன், மொண்டு மொண்டு தலைக்கு மேல தூக்கி ஊத்தினேன். மகனை எழுப்பி அவனையும் ஊத்தச் சொன்னேன். ரப்பர் மரம் சீவப் போற நேரம், மோட்டார் சைக்கிள்ல பின்னால உக்காந்து போன ஒரு பாட்டி, "ஏன்டாப்பா, மழை பத்தலைன்னா குளத்தைக் குளிப்பாட்டறே?"ன்னு கேட்டுட்டே போறாங்க. கரண்ட் வந்து பம்ப் ஓடினப்புறம்தான் கையைக் கீழ போட்டேன். இப்பவும் ராத்திரி மழை பேஞ்சா அந்தச் சத்தம் கேக்குதான்னு எழுந்து உக்காந்துடுவேன்.

கெலிக்குளம்
மேட்டுவீடு அக்கா, உங்க அத்தையச் சொல்லிக் குத்தமில்ல, அது பாசம். ஆனா மீனுக்கு நம்ம மாதிரி சொந்த உடம்புச் சூடு கிடையாது. தண்ணி என்ன குளிரோ அதுதான் அது உடம்பு, வயிறும் அதே வேகத்துலதான் வேலை செய்யும். தண்ணி 15 டிகிரி கிட்ட இறங்கினா தீனியப் பாதியாக்குங்க, அதுவும் மதியத்துல ஒரு வேளை. 10க்குக் கீழ போனா சுத்தமா நிறுத்தணும், நம்ம மலையில தண்ணி அவ்வளவு இறங்கறது அபூர்வம். சோறு வேணவே வேணாம். மிச்சம் அழுகினா அதுதான் முதல் விஷம். அதைவிட, மலையில திலாப்பியா எதுக்கு வச்சீங்கன்னுதான் நான் கேக்கறேன். அது ஆப்பிரிக்கா மீன். 20க்குக் கீழ போனாலே சோர்ந்துடும்.

தாப்பாரோட் தம்பி, கரண்டை மட்டும் திட்டறதை நான் ஒத்துக்க மாட்டேன். பகல்ல மேல்தண்ணி சூடா, அடித்தண்ணி குளிரா தனித்தனியாக் கிடக்கும். குளிர்ந்த மழைத்தண்ணி கனம், நேரா அடிக்கு இறங்கி, காத்தில்லாத தண்ணியையும் சேத்தையும் மேல கிளப்பி விட்டுடும். ராத்திரியில பாசியும் சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும். அதான் விடியறதுக்கு முந்தின நேரம் எப்பவுமே மோசம். மழை தொடங்கறதுக்கு முன்னாலயே டியூப் விட்டு அடிச்சேத்தை உறிஞ்சி எடுத்துடுங்க, பேட்டரியில ஓடற சின்ன ஏர் பம்ப் ஒன்னு வாங்கி வைங்க. இன்னொன்னு, மழைத்தண்ணி கொஞ்சம் புளிப்பு, குளத்துப் பிஎச்சை (தண்ணியோட புளிப்பு-கார அளவு) இறக்கிடும். சிமெண்ட் குளம் ஓரளவு தாங்கும், பிளாஸ்டிக் ஷீட் போட்ட குளம் தாங்காது. பவளக்கல், இல்ல சுண்ணாம்புக்கல்லை வலைப்பையில கட்டி ஃபில்டர்ல போடுங்க. ஈப்போ பக்கம் மலையே சுண்ணாம்புதான், கல்லுக்கா பஞ்சம்? வெத்தலைச் சுண்ணாம்பைக் கரைச்சு ஊத்தற ஆளுங்களையும் பார்த்திருக்கேன். அதைச் செய்யாதீங்க. பிஎச் ஒரேயடியா ஏறினா, மீன் கழிவுல இருந்து வந்து அதுவரைக்கும் சும்மா கிடந்த அம்மோனியா விஷமா மாறிடும். குழாத்தண்ணி விட்டா குளோரின் எடுக்கற மருந்தை மறக்காதீங்க.

என் கதையா? லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) ஓரமா கெலி மீன் (கெளுத்தி) குளம் வச்சிருந்தேன். மழையில நிரம்பி வழிஞ்சு, கெலி எல்லாம் ரோட்டுல நெளிஞ்சு நெளிஞ்சு நடந்து போச்சு. தோட்டத்துப் பசங்க சாக்கோட வந்தானுங்க. அவ்வளவுதான்.

கறிவேப்பிலைக்காரி (தானா ராத்தா, கேமரன் மலை)
மீன் சமாச்சாரம் எனக்குத் தெரியாது. எங்க வீட்டுல கறிவேப்பிலைதான் தலைவலி. அம்மா சுங்கை சிப்புட்ல இருந்து கன்னு கொண்டாந்து வச்சாங்க. ரோசாவும் டேலியாவும் யாரும் கேக்காமலே பூக்குது, இது மட்டும் டிசம்பர் வந்தா மஞ்சளாகி உதிர்ந்துடும். அதனால பொழுது சாஞ்சா அப்பாவோட பழைய கைலிய அதுக்குச் சுத்திக் கட்டி, மேல அவரோட தொப்பியக் கவுத்து விடுவாங்க. ஒரு நாள் நல்ல பனிமூட்டம். வேலை விட்டு வந்த பக்கத்து வீட்டு அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு, "மாமா, இந்தப் பனியில நிக்காதீங்க, நெஞ்சுக்கு ஆகாது, உள்ள போங்க"ன்னு சொல்லிட்டுப் போறாரு. அப்பா தவறினதுக்கு வந்து தோள் குடுத்தவரு அவரு! அந்த நேரத்துக்கு மறந்தே போச்சு போல. அம்மா அடுப்படி சன்னல்ல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க, ஒன்னும் பேசல. கைலி கட்டறதையும் விடல.

கெலிக்குளம்
தங்கச்சி, கறிவேப்பிலையத் தரையில வைக்காம தொட்டியில வச்சா ராத்திரி உள்ள தூக்கிடலாம். குளிர் மாசத்துல தண்ணியக் குறைச்சுடுங்க. வேர் ஈரத்துலயே நின்னா அழுகிடும்.

கறிவேப்பிலைக்காரி
அண்ணே, நான் அதுக்காக எழுதல.

புதுக்குளம்
நான் ஒரு வீடியோ பார்த்தேன். குளிர் வந்தா பம்ப்பை அடியில இருந்து தூக்கி வைக்கணுமாம், குளத்துல பந்து மிதக்க விடணுமாம், ஐஸை மட்டும் சுத்தியலால உடைக்கக் கூடாதாம், அதிர்ச்சி மீனைத் தாக்குமாம். பந்து வாங்கிட்டேன்.

பழையகிராணி
தம்பி, அதெல்லாம் குளம் உறையற ஊர் சமாச்சாரம். தண்ணி 4 டிகிரியிலதான் ரொம்பக் கனம், மேல ஐஸ் மூடினாலும் அந்தத் தண்ணி அடியில தங்கும், மீனு அதுலதான் குளிரைக் கழிக்கும். அதைக் கலக்கக் கூடாதுன்னுதான் பம்ப்பைத் தூக்கச் சொல்றான். பந்து, ஐஸ்ல ஓட்டை விழுறதுக்கு. நம்ம கேமரன் மலையில பதிவான ஆகக் குறைஞ்ச குளிரே 7.8 டிகிரி, 1978 பிப்ரவரியில. ஐஸுக்கு எங்க போவீங்க?

புதுக்குளம்
பந்தை நாய் எடுத்துக்கிச்சு சார்.

லயத்துவீட்டு அக்கா
ஏன் யாருமே டெங்கி பத்திப் பேசல? இலை விழுந்து அழுகக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர் மழைக்கு முன்னால குளத்து மேல கன்வாஸ் கட்டினாரு. கொசுச் சோதனைக்கு வந்த அதிகாரி குளத்தைப் பார்த்தாரு, மீன் கொசுப்புழுவைத் தின்னுடும், பிரச்சினை இல்லன்னாரு. அப்பாடான்னு அவருக்குத் தேத்தண்ணி கலக்கக்கூட உள்ள போயிட்டேன். திரும்பி வந்தா டார்ச்சு மேல போகுது. கன்வாஸ் மடிப்புல ஒரு கை மழைத்தண்ணி. சின்னக் குழாயால உறிஞ்சி வெளிச்சத்துல பிடிக்கறாரு, உள்ள கருப்பா ஒன்னு துள்ளுது. "இனி அப்பா, காக்?"னு (இது என்னக்கான்னு மலாய்ல) சிரிச்சுக்கிட்டே கேக்கறாரு. நோய் பரப்பற பூச்சிகளை ஒழிக்கற 1975ஆம் வருஷச் சட்டப்படி 500 வெள்ளி வரைக்கும் அபராதம் அங்கேயே எழுதலாம், எழுதிட்டாரு. குளத்துல இருக்கற மீனைவிட அந்தப் பூச்சிக்குத்தான் நாங்க அதிகமா செலவு பண்ணியிருக்கோம். கட்டறதா இருந்தா சாய்வாக் கட்டுங்க, இல்லன்னா வலையே போதும்.

பீடோர்பையன்
வலையா! மழையில ஆறு பெருகினா நீர்நாய் லோங்காங் வழியா மேல ஏறி வருது, யாராச்சும் பார்த்திருக்கீங்களா? நான் பார்க்கல. எங்க தாத்தா பார்த்திருக்காரு, குடும்பமா வந்துச்சாம், குட்டிங்களோட. காலைல சிமெண்ட் மேல கோய் தலைங்க மட்டும் கிடந்துச்சு, உடம்பு ஒன்னுகூட இல்ல. தாத்தா ஒவ்வொன்னாப் பொறுக்கி வாழை மரத்தடியில புதைக்கறாரு, எது எந்த வருஷம் வாங்கினதுன்னு சொல்லிக்கிட்டே.

கெலிக்குளம்
தம்பி, குளத்து மேல நல்ல கெட்டி வலையா இழுத்துக் கட்டி, ஓரத்துல கல்லு வச்சா வராது.

பீடோர்பையன்
கெட்டி வலைதான் அண்ணே. கல்லும் வச்சிருந்தோம். கல்லு பக்கத்து வீட்டு வாசல்ல கிடந்துச்சு.