அம்பாசடரில் பேட்டரி நிற்கவில்லை, அவசரம், உதவுங்கள்

மூடுபனி_வண்டிப்பெரியாறு:
வணக்கம். என் அம்பாசடரில் பேட்டரி அடிக்கடி இறங்கிவிடுகிறது. காலையில் செல்ஃப் அடித்தால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எஸ்டேட் லயத்திலிருந்து ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியிருக்கிறது. பேட்டரி புதுசு. நாளை விடியற்காலை அம்மாவைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும். என்னவாக இருக்கும்?

திராட்சைத்தோட்டம்:
ஃபேன் பெல்ட் தொய்ந்திருக்கும், அதனால் சார்ஜ் ஏறவில்லை. நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அதுதான். மழைக்காலத்தில் உங்கள் பக்கம் பெல்ட் வழுக்குவது சகஜம்.

கியர்லீவர்:
எந்த மாடல்? பெட்ரோலா டீசலா? பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது பழைய டைனமோவா, ஆல்டர்னேட்டரா? மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா? வண்டி தினமும் ஓடுகிறதா, நிற்கிறதா?

ஸ்டீல்பம்பர்:
இதே கேள்வி எத்தனை தடவைதான் வரும்? "வண்டி ஓடலை, என்ன காரணம்" என்று எழுதினால் ஜோசியம்தான் பார்க்கணும். பழைய வண்டியில் பத்துக்கு எட்டு கேஸ் எர்த், அதாவது பேட்டரி மைனஸுக்கும் பாடிக்கும் நடுவில் ஒயர் சரியாகப் பிடிக்காததுதான். ஒயரைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

லோயர்கேம்ப்_குமார்:
புது பேட்டரி என்று நம்பாதீர்கள் அண்ணே. கடையிலேயே கிடந்து பிளேட் போனதைத் தலையில் கட்டியிருப்பார்கள். ஹைட்ரோமீட்டர் விட்டு ஆசிட்டின் கிராவிட்டி (அடர்த்தி) பாருங்கள், ஆறு செல்லும் 1.250க்கு மேல் இருக்கணும்.

மூடுபனி_வண்டிப்பெரியாறு:
மார்க் 4, பெட்ரோல். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருக்கிறார். பக்கத்து வீட்டில் மீட்டர் வாங்கிப் பார்த்தேன். நிறுத்தியிருக்கும்போது 12.1 வோல்ட், எஞ்சின் ஐடிலில் ஓடும்போது 11.9. பெல்ட் டைட்டாகத்தான் இருக்கிறது. ஒரு விஷயம், கம்பம் போய் வந்தால் மறுநாள் ஒழுங்காக எடுக்கிறது. எஸ்டேட்டுக்குள்ளேயே கடைக்கும் ஸ்கூலுக்கும் ஓட்டினால்தான் செத்துவிடுகிறது.

லோயர்கேம்ப்_குமார்:
அப்ப சுலபம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினல் ஒன்றைக் கழற்றுங்கள். வண்டி நின்றால் ஆல்டர்னேட்டர் காலி.

கியர்லீவர்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டைனமோ காலத்து வித்தை அது. ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரியைப் பிடுங்கினால் வோல்டேஜ் திடீரென்று எகிறி டயோடும் ரெகுலேட்டரும் போய்விடும்.

லோயர்கேம்ப்_குமார்:
எங்கள் ஊர் மேஸ்திரி காலம் முழுக்க அப்படித்தான் பார்க்கிறார். ஒன்றும் போனதில்லை.

ஸ்டீல்பம்பர்:
போனதை உங்களிடமா வந்து சொல்வார்? புது ஆல்டர்னேட்டர் விற்றிருப்பார்.

லோயர்கேம்ப்_குமார்:
குமுளி ஒர்க்‌ஷாப்பில் மீட்டரைக் காட்டி பில் போடுவதைவிட எங்கள் மேஸ்திரி காது மேல். மலை ஏறி வந்து அவரிடம் விடுகிற வண்டி எத்தனை தெரியுமா?

திராட்சைத்தோட்டம்:
மலை இறங்கி, தம்பி. குமுளி மேலே, நாம் கீழே.

நாற்பதுவாட்:
சண்டை அப்புறம். மூடுபனி, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால், டேஷ்போர்டில் சிவப்பு இக்னிஷன் விளக்கு எரிகிறதா?

மூடுபனி_வண்டிப்பெரியாறு:
இல்லை. டேஷ்போர்டு பல்பு எல்லாம் மங்கலாக இருந்தது என்று எல்.இ.டி. போட்டேன், அதிலிருந்து அது எரிவதில்லை. எரியாவிட்டால் சார்ஜ் ஆகிறது என்றுதானே அர்த்தம்?

நாற்பதுவாட்:
பிடிபட்டது. டைனமோ வண்டியில் அந்த விளக்கு வெறும் அறிவிப்புதான், ஃபியூஸ் போனாலும் சார்ஜ் ஏறும். இந்த மாதிரி ஆல்டர்னேட்டரில் அப்படி இல்லை. உள்ளே சுழலும் ரோட்டரைக் காந்தமாக்க முதலில் கொஞ்சம் கரண்ட் வெளியிலிருந்து போகணும், அது அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பழைய 2.2 வாட் பல்பு ஏறக்குறைய 180 மில்லி ஆம்பியர் விடும். எல்.இ.டி. எரிந்தாலே 20ஐத் தாண்டாது. உங்களுடையது எரியவே இல்லை, பிளஸ் மைனஸ் மாறி உட்கார்ந்திருக்கும், அப்படியென்றால் ஒன்றுமே போகாது.

பிறகு கம்பம் போனால் மட்டும் எப்படி ஏறுகிறது? இரும்பில் மிச்சமிருக்கும் காந்தம் போதும், ஆனால் நன்றாக ரேஸ் ஏறினால்தான் அது வேலை செய்யும். மலைப்பாதையில் இரண்டாவது கியரில் எஞ்சின் கத்தும் இல்லையா, அங்கே உயிர் பிடித்துவிடுகிறது. ஒருமுறை பிடித்தால் எஞ்சினை நிறுத்தும் வரை விடாது. எஸ்டேட்டுக்குள் அந்த ரேஸ் வருவதே இல்லை.

அந்த ஒரு இடத்தில் மட்டும் பழைய பல்பைப் போடுங்கள். எல்.இ.டி.தான் வேண்டும் என்றால் அதற்கு இணையாக (பேரலல்) 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வைக்கணும். இரண்டும் இன்று முடியாவிட்டால், காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு தடவை நன்றாக ரேஸ் கொடுத்து, மீட்டர் 13.5க்கு மேல் தாவியதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பனியில் ஹெட்லைட், வைப்பர் இரண்டும் போட்டுக்கொண்டு வெறும் பேட்டரியை நம்பி இறங்காதீர்கள்.

ஸ்டீல்பம்பர்:
சரி, இருக்கலாம். எர்த்தும் பார்க்கணும்.

லோயர்கேம்ப்_குமார்:
எங்கள் மேஸ்திரியும் இதைச் சொல்லியிருப்பார்.

மூடுபனி_வண்டிப்பெரியாறு:
பழைய பல்பு டப்பாவில் கிடந்தது, போட்டுவிட்டேன். சாவி போட்டால் சிவப்பு எரிகிறது, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறது. ஐடிலில் 14.1. ஹெட்லைட் போட்டால் 13.2. இரவு பேட்டரியைச் சார்ஜரில் விடுகிறேன். நன்றி.

ஸ்டீல்பம்பர்:
13.2. எர்த் என்று முதலிலேயே சொன்னேன்.

நாற்பதுவாட்:
ஐடிலில் ஹெட்லைட்டோடு அது பரவாயில்லை. தேனியிலிருந்து வந்த பிறகு 1500 ஆர்.பி.எம்.மில் ஹெட்லைட் போட்டு, ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். 0.2க்கு மேல் காட்டினால் எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். காட்டாவிட்டால் அதைத் தொட வேண்டாம்.