அறுபதாம் கல்யாணக் குழுவில் ஒரு பினியன்

குழு: திருக்கடையூர் – ஞாயிறு 🙏

ராணி அத்தை: ரூம் 6 சொல்லியாச்சு. இன்னும் 2 வேணுமா? இன்னைக்குள்ள சொல்லுங்க

செந்தில்: (படம்)

செந்தில்: மாமா, ஞாயிறு அப்பா ஓட்டிட்டுப் போகவேண்டிய தாத்தா புல்லட்ல டைமிங் பினியன் (கிராங்க் ஷாஃப்ட் முனையில ஏறுற சின்னப் பல்சக்கரம்) ஏறமாட்டேங்குது. பாதிக்கு மேல ஏறி நின்னுடுச்சு. உள்ள முட்ட இன்னும் 6 மி.மீ. இருக்கு

ராணி அத்தை: ரூம் பத்திக் கேட்டேன்

பாஸ்கர் சித்தப்பா: எங்களுக்கு 1

மணி மாமா: தட்டினியா?

செந்தில்: லேசா ரெண்டு தட்டு

மணி மாமா: எதை வச்சு?

செந்தில்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

மணி மாமா: பாத்துட்டேன். சுத்தியலைக் கீழ வை. புல்லட் கிராங்க் ஒத்தைத் துண்டு கெடையாது. ரெண்டு ஃப்ளைவீல், நடுவுல கிராங்க் பின், அதுல கனெக்டிங் ராடு. ஷாஃப்ட் முனையில அடிச்சா அந்த அடி நேரா ஃப்ளைவீலுக்கும் பேரிங்குக்கும்தான் போகும். ஃப்ளைவீல் கோணிக்கிச்சுன்னா மறுபடி இன்ஜின் கேஸைப் பிரிக்கணும். பினியன் விலை ஒண்ணும் பெருசில்ல, கிராங்க் கோணினா ஞாயித்துக்கிழமை நடந்துதான் போகணும்

பாஸ்கர் சித்தப்பா: அப்பா இருந்தப்ப அந்த வண்டி ஒரு நாள் நின்னதில்ல

அப்பா: 71 மாடல்டா. நிக்காம?

பாஸ்கர் சித்தப்பா: நான் சும்மா சொன்னேன் அண்ணா

மணி மாமா: செந்தில், ரெண்டு கால் புல்லர் போட்டு வெளிய எடு. ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பாதே. பின்னாடி இருக்கிறது அலுமினியம், பள்ளம் விழுந்தா கவர் சேராது, ஆயில் கசியும். எடுத்துட்டு ஷாஃப்டுக்கு மார்க்கிங் ப்ளூ (உரசுற இடத்தைக் காட்டுற நீலச் சாயம்) தடவி, மறுபடி கையால தள்ளி எடு. எங்க தேயுதோ அதுதான் எதிரி

அம்மா: எதிரியா?

ராணி அத்தை: அவருக்கு எல்லாமே எதிரிதான் அண்ணி. பொன்மலையில ரிடையர் ஆகியும் ஒர்க்‌ஷாப் மண்டையை விட்டுப் போகல

திவ்யா: அண்ணா, பினியன் புதுசா பழசா?

செந்தில்: புதுசு. புதுப்பேட்டையில வாங்கினது. பழசுல பல் தேஞ்சு கூர் ஆயிடுச்சு

திவ்யா: அப்போ கீயைப் பாரு. பினியன் வழுக்காம இருக்க ஷாஃப்ட் பள்ளத்துல உக்கார்ற அரைநிலா வடிவ இரும்புத் துண்டு. கீயோட சேத்து ஷாஃப்ட்டை வெர்னியர்ல அள. அப்புறம் பினியன் துளையை, கீ பள்ளத்தோட ஆழம் சேத்து அள. ரெண்டாவது அளவு 0.1, 0.2 மி.மீ. அதிகமா இருக்கணும். கீ பக்கவாட்டுலதான் பிடிக்கணும், தலை முட்டக்கூடாது

மணி மாமா: 👍 இதைத்தான் சொல்ல வந்தேன்

பாஸ்கர் சித்தப்பா: எம் பொண்ணு

ராணி அத்தை: வடை உளுந்து வடையா மசால் வடையா? சமையல்காரர் கேக்குறார்

அப்பா: உளுந்து

அம்மா: ரெண்டும் போடலாமே

*பிற்பகல் 4:10*

செந்தில்: லேத் பட்டறையில மைக்ரோமீட்டர் வாங்கி அளந்தேன். ஷாஃப்ட் துளையை விட 0.02 பெருசு. கீயோட சேத்துப் பாத்தா பினியன் பக்கம் 0.15 கம்மி. கீ தலைதான் முட்டுது. கீ பள்ளத்து ஓரத்துல பிசிறும் இருக்கு

மணி மாமா: வந்துச்சா! 0.02 இறுக்கம் சரியான இறுக்கம், அதைத் தொடாதே. ஷாஃப்டை எமரி போட்டுத் தேச்சு ‘ஈஸியா’ ஆக்கினா பினியன் கீயோட ஆடும், கீ பள்ளம் அகலும், அப்புறம் அது எந்திரம் இல்ல, கிலுகிலுப்பை. பிசிறை மட்டும் ஆயில் ஸ்டோன்ல எடு. கீயை, கண்ணாடி மேல 400 எமரி விரிச்சு, தலையைக் கீழ வச்சு 8 மாதிரி தேய். அப்பப்போ அள. 0.3 எடுத்தா போதும், அப்ப 0.15 காலி இடம் கிடைக்கும். பக்கவாட்டைத் தேச்சுடாதே

திவ்யா: கீயைப் பொருத்தும்போது தலை ஷாஃப்டுக்கு இணையா நிக்குதான்னு பாரு. அரைநிலா கீ பள்ளத்துல ஆடும். பினியன் முன் முனையை அமுக்கினா பின் முனை தூக்கும், அப்புறம் என்ன சூடு பண்ணினாலும் ஏறாது

செந்தில்: சூடு எவ்வளவு?

திவ்யா: துளை 20 மி.மீ.ன்னு வச்சுக்கோ. எஃகு 100 டிகிரிக்கு 0.024 மி.மீ. விரியும். இன்னைக்கு 32 டிகிரி. 150க்குக் கொண்டுபோனா 0.028. உனக்கு வேண்டியது 0.02. ஷாஃப்டை ஐஸ்ல 10 டிகிரிக்கு இறக்கினா இன்னும் 0.005 கிடைக்கும். சாமர்த்தியமா வச்சா கையாலயே போகும்

மணி மாமா: கேஸ் டார்ச் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சுடும், பல்லு நீலம் ஆயிடும். நீலம்னா 300 டிகிரி தாண்டியாச்சு, கடினம் போச்சு, சீக்கிரமே பல் தேஞ்சு நிக்கும். எண்ணெயில போடு. வடைச்சட்டியில ஆயில் ஊத்தி, பினியனைக் கம்பியில கட்டித் தொங்கவிடு, அடியைத் தொடக்கூடாது. ஈரமே இருக்கக்கூடாது, தண்ணி இருந்தா தெறிக்கும். 160க்கு மேல போகாதே, புகை வந்தா அடுப்பை அணை

அம்மா: என் வடைச்சட்டியிலயா???

அப்பா: ஒரு தடவைதானே

அம்மா: அத்தை கொடுத்த சட்டி. அதுல இன்ஜின் ஆயிலா?

திவ்யா: அண்ணா, எங்க வீட்டுல கேக் அவன் இருக்கு. 150 வச்சு 30 நிமிஷம். எண்ணெய் வேண்டாம், தீப்பயமும் இல்ல. ஐ.ஆர். கன்னை (தொடாமலே சூட்டை அளக்கிற கருவி) நம்பாதே, பளபளக்கிற எஃகுல கம்மியா காட்டும்

பாஸ்கர் சித்தப்பா: அவன் சித்தியோடது. கேக்கணும்

பாஸ்கர் சித்தப்பா: வண்டியும் நம்ம எல்லாரோடதும்தானே, யாராவது ஒரு தடவை கேட்டீங்களா

அப்பா: பாஸ்கர், இதை இங்க பேசாதே

ராணி அத்தை: 🙏 வடை

மணி மாமா: (குரல் பதிவு 3:42)

செந்தில்: மாமா, கேக்க முடியல, லேத் சத்தம்

மணி மாமா: சரி எழுதுறேன். ஐஸைப் பாலித்தீன் பையில கட்டி ஷாஃப்ட்ல 20 நிமிஷம் வை. எடுத்ததும் துடை, துளி தண்ணியும் கேஸுக்குள்ள போகக்கூடாது. ஷாஃப்ட்ல லேசா எண்ணெய். புள்ளி வச்ச பக்கம் வெளிய பாத்து இருக்கணும், அதை அவன்ல வைக்கிறதுக்கு முன்னாடியே பாத்துக்கோ. அந்தப் புள்ளியை வச்சுத்தான் கேம் சக்கரத்தை (வால்வைத் திறக்கிற பல்சக்கரம்) சேக்கணும். கையில கனமான கையுறை, பக்கத்துல அளவான இரும்புக் குழாய். ஒரே தள்ளு. 3, 4 வினாடிதான், அதுக்குள்ள ஷாஃப்ட் சூட்டை உறிஞ்சிடும். பாதியில நின்னா திரும்ப அடிக்காதே, உடனே புல்லர் போட்டு எடு, மறுபடி சூடு பண்ணு. போய் முட்டினதும் குழாயை வச்சு 2 நிமிஷம் அமுக்கிப் பிடி, ஆறும்போது பின்வாங்கும். ஆறினப்புறம் பினியனுக்கும் முட்டுக்கும் நடுவுல 0.05 ஃபீலர் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) போகக்கூடாது

செந்தில்: அப்புறம் வார்மை (ஆயில் பம்பைச் சுத்துற திருகுப் பல் நட்டு) டைட் பண்ணலாமா?

மணி மாமா: எந்தப் பக்கம் சுத்துவே?

செந்தில்: வலது

மணி மாமா: 😐

திவ்யா: 🤣 அண்ணா, அது இடது மரை

மணி மாமா: ஆயில் பம்ப் வார்ம் இடது மரை. வண்டியோட வலது பக்கத்துல நின்னு பாத்தா கிராங்க் கடிகாரம் சுத்துற மாதிரி சுத்தும். பம்ப் அதை எதிர்ப் பக்கம் இழுக்கும். சாதாரண மரையா இருந்தா அந்த இழுப்பே கழட்டி விட்டுடும், இடது மரைன்னா அதே இழுப்பு இறுக்கிடும். வலது பக்கம் முறுக்கினா கழலும், இடது பக்கம் முறுக்கினா இறுகும். அதை வச்சே பினியனை இழுத்து ஏத்தப் பாக்காதே, மரை சிதைஞ்சா கிராங்கையே மாத்தணும்

பாஸ்கர் சித்தப்பா: சரி அவன் கொடுக்கிறேன். எடுத்துட்டுப் போ. கேக் வாசனை போயிடும்னு சித்தி சொல்றா

அம்மா: கேக்கை விட என் வடைச்சட்டி பெருசு 😌

*இரவு 8:35*

செந்தில்: (படம்) உக்காந்துடுச்சு! ஒரே தள்ளு. 0.05 போகல

மணி மாமா: புள்ளி?

செந்தில்: வெளிய

மணி மாமா: கிராங்கைக் கையால சுத்து. தட்டினதால எதுவும் கோணியிருக்கலாம். ஒரே இடத்துல இறுகுதா?

செந்தில்: இல்ல, ஒரே மாதிரி சுத்துது. ஆனா கேம் சக்கரம் சேத்தப்புறம் லேசா ‘ஙீ’ன்னு சத்தம்

திவ்யா: புதுப் பினியன், பழைய கேம் சக்கரம். பல் நடுவுல இடைவெளி ரொம்பக் கம்மியா இருந்தா அப்படித்தான் ஊளையிடும். எண்ணெய் போட்டுச் சுத்திப் பாரு

மணி மாமா: காலையில முதல் பஸ்ஸுக்கு வர்றேன். கவரைப் போட்டுடாதே. இக்னிஷன் டைமிங் அப்புறம் பாத்துக்கலாம். புஷ் ராடு (வால்வைத் தள்ளுற கம்பி) இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது நில் கிளியரன்ஸ், அதாவது இடைவெளியே இல்லாம விரலால உருண்டா போதும்

ராணி அத்தை: காலையிலயா? நாளைக்குப் பத்திரிகை கொடுக்கப் போகணும்னு சொன்னீங்களே

மணி மாமா: மாலையில கொடுக்கலாம்

திவ்யா: அண்ணா, பெரியப்பா ஓட்டிட்டுப் போகணும்னா ஆர்.சி. பாத்தீங்களா? 15 வருஷத்துக்கு அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். 50 வருஷம் தாண்டினதால வின்டேஜ் பதிவு வாங்கலாம், ஆனா அதுல தினசரி ஓட்ட முடியாது

அப்பா: எங்க அப்பா பேர்லதான் இருக்கு

பாஸ்கர் சித்தப்பா: அதைத்தான் 4 வருஷமா சொல்றேன்

ராணி அத்தை: ரூம் 7 போட்டுட்டேன். உளுந்து வடைன்னு சொல்லிட்டேன். மசால் வடை வேணும்னா காலையில 7க்குள்ள சொல்லுங்க

அம்மா: செந்தில், அவனைக் கழுவிக் கொடு