தேதியில்லாமல் எழுதிய ஓர் அச்சுறுத்தல்: ஸ்வாட் பகுப்பாய்வில் என் அனுபவம்

மின்வழிப் பாடங்களைத் தயாரிக்கும் ஒரு சிறு குழுவில் திட்ட ஒருங்கிணைப்பாளராக இருந்தபோது நேர்ந்ததைப் பகிர்கிறேன். 2018-இன் தொடக்கத்தில், எங்கள் பாடத்தளத்தைப் புதுப்பிக்கும் பணிக்கு முன்பாக, ஸ்வாட் (SWOT) பகுப்பாய்வுக்காக வலிமை, பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என நான்கு கட்டங்களை வெண்பலகையில் வரைந்து, ஒரு பிற்பகல் முழுவதும் அமர்ந்து நிரப்பினோம். வலிமைக் கட்டத்தில் எழுத இடமே போதவில்லை. அச்சுறுத்தல் கட்டத்தில் இருந்ததோ “தொழில்நுட்ப மாற்றங்கள்” என்னும் இரண்டு சொற்கள் மட்டுமே.

எங்கள் பாடங்களில் பெரும்பாலானவை அடோபி நிறுவனத்தின் அசைவூட்டத் தொழில்நுட்பமான ஃப்ளாஷில் செய்யப்பட்டவை. 2020 இறுதியுடன், அவற்றை உலாவியில் இயக்கும் ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவு நிறுத்தப்படும் என்று அடோபி 2017 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது. அந்தச் செய்தி எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தும், பலகையில் அது தேதியோடு ஏறவில்லை. பலவீனக் கட்டத்தில் “ஆவணப்படுத்தல் குறைவு” என்று எழுதியிருந்தோம். பாடங்களைத் திருத்தத் தேவையான மூலக் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும் என்பதே அதன் உண்மைப் பொருள். மறு ஆண்டு அவர் பணியிலிருந்து விலகினார். பாடங்களை, பிளேயர் இல்லாமலே உலாவியில் இயங்கும் எச்டிஎம்எல்5-க்கு மாற்ற முனைந்தபோது, பலவற்றுக்கு மூலக் கோப்பு கிடைக்காமல், வெளியீட்டுக் கோப்பைத் திரையில் ஓடவிட்டு, ஒவ்வோர் அசைவாக நிறுத்திப் பார்த்து, முதலிலிருந்து மீண்டும் உருவாக்க வேண்டியதாயிற்று. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே உள்ளடக்கத்தைத் தடுக்கத் தொடங்கும் என்பதால், அந்தக் கடைசி மாதங்களில் எவருக்கும் ஓய்வில்லை.

அந்தப் பலவீனத்தையும் அந்த அச்சுறுத்தலையும் அன்றே அருகருகே வைத்துப் பார்த்திருந்தால், மூலக் கோப்புகளைத் திரட்டுவதே எங்கள் முதல் பணியாக இருந்திருக்கும். மேலாண்மை அறிஞர் ஹெய்ன்ஸ் வைரிச் 1982-இல் முன்வைத்த டவ்ஸ் அட்டவணை இப்படி அகக் காரணிகளையும் புறக் காரணிகளையும் இணைத்துப் பார்ப்பதற்கானதுதான் என்பதைப் பின்னரே படித்தறிந்தேன்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு வரிக்கும் எதனால், எப்போது, யார் பொறுப்பு என்று கேட்காமல் நான் அடுத்த வரிக்குச் செல்வதில்லை. “செல்பேசிச் செயலி வெளியிடலாம்” என்று யாரேனும் வாய்ப்புக் கட்டத்தில் எழுதினால் அதை அழித்துவிடச் சொல்கிறேன். அது நாம் செய்ய எண்ணும் செயலேயன்றி, வெளியுலகில் கனிந்திருக்கும் வாய்ப்பு அன்று.

இதே பகுப்பாய்வு பற்றி மற்றொருவரின் பகிர்வு:

எங்கள் அனுபவம் சற்று வேறு. ஒரு சேவைச் செயலிக்கான ஸ்வாட் கூட்டத்தில் நிரலாளர்களும் மேலாளர்களும் மட்டுமே இருந்தோம்; “எளிய பயனர் இடைமுகம்” என்பதை வலிமையாக ஒருமனதாக எழுதினோம். தற்செயலாக உள்ளே வந்த உதவி மையப் பணியாளர் அதைப் படித்துவிட்டு, தமக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி கடவுச்சொல்லை மாற்றும் வழி தெரியாதவர்களிடமிருந்தே வருகிறது என்றார். அந்த வரியை அப்போதே பலவீனக் கட்டத்திற்கு மாற்றினோம். அடுத்த கூட்டத்திலிருந்து அவருக்கும் ஓர் இருக்கை போடப்பட்டது.