பிரேக் சோர்வுக்கு ஒரு சொல்லா, இரண்டா?

அன்புடையீர், வணக்கம். சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப்பார்க்கும் 'தட நாள்' ஓட்டுநருக்காக நாம் எழுதும் கையேட்டின் கலைச்சொற்களைப் பற்றியது இம்மடல். சூடேறிப் பிரேக் தன் வேலையைச் செய்யாமல் போவதை ஆங்கிலத்தில் 'பிரேக் ஃபேட்' என்கிறார்கள். அதற்கு உறுப்பினர் ஒருவர் எழுதியது:

> 'பிரேக் ஃபேட்' என்பதற்குத் 'தடை மங்கல்' என்று வைத்துவிடலாம். ஒரு சொல் போதும். புதிதாக வருகிற ஓட்டுநரைக் குழப்ப வேண்டாம்.

ஐயா, இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே சொல்லை வைத்தால்தான் ஓட்டுநர் குழம்புவார். நாம் இந்தக் கையேட்டை எழுதுவது, சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சொந்தக் காரோடு முதன்முறை இறங்கப்போகிற ஒருவருக்காக. அவர் அன்றாடம் அலுவலகம் போய்வரும் அதே கார்தான் அது, அவர் பந்தயக்காரரும் அல்லர். பிரேக் தன் வேலையைச் செய்யாதபோது என்ன நடந்திருக்கிறது என்பதை அவருடைய கால் இரண்டு வேறுபட்ட விதங்களில் உணரும். அந்த இரண்டுக்கும் அவர் செய்ய வேண்டியவையும் வேறு. கலைச்சொல் அந்த வேறுபாட்டை அவருக்குச் சொல்லித்தர வேண்டும்.

முதலில் எவ்வளவு வெப்பத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்ப்போம். 1200 கிலோ எடையுள்ள காரை மணிக்கு 150 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்குக் குறைத்தால், ஏறத்தாழ 875 கிலோஜூல் ஆற்றல் எங்காவது போய்ச் சேர வேண்டும். மூன்று லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம் அது. அதில் பெரும்பகுதியைப் பிரேக்குகள் சில நொடிகளில் வாங்கிக்கொள்கின்றன. ஊருக்குள் ஓட்டும்போது அது ஆற நேரம் கிடைக்கும். 3.7 கி.மீ. நீளத்தில் 12 வளைவுகள் உள்ள தடத்தில் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

இந்த வெப்பம், சக்கரத்தோடு சுழலும் வட்டை உரசிப் பிடிக்கும் பேடுகளைத் தாக்கினால் ஒன்று நடக்கும். பேடைக் கட்டிவைத்திருக்கும் பிசின் தாங்கும் அளவைத் தாண்டிச் சூடேறும்போது சிதைந்து வாயுவை வெளிவிடுகிறது, உராய்வு குறைகிறது. மிதி கல்போலக் கெட்டியாகவே இருக்கும், முழுப் பலத்தோடு மிதித்தாலும் கார் வேகம் குறையாது. கருகிய நெடியும் வரும்.

அதே வெப்பம், பேடுகளை அழுத்தும் காலிப்பர் வழியாக உள்ளே இறங்கி, மிதியின் அழுத்தத்தைக் கொண்டுசெல்லும் பிரேக் திரவத்தைக் கொதிக்கவைத்தால் நடப்பது வேறு. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். காலின் அழுத்தம் முழுவதும் ஆவிக் குமிழிகளைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகும். மிதி தளதளவென்று உள்ளே போய்த் தரையைத் தொடும்.

முதல் வகைக்கு மருந்து எளிது. வேகத்தைக் குறைத்து, வளைவுக்கு வெகுமுன்பே பிரேக் பிடித்து, ஒரு சுற்று மெதுவாக ஓட்டினால் பிடி பெரும்பாலும் திரும்பிவிடும். இரண்டாம் வகையில் மிதியை மறுபடி மறுபடி வேகவேகமாக மிதித்து, கிடைக்கிற அழுத்தத்தைத் திரட்டி, கியரைக் குறைத்து, தடத்தோரம் கார்கள் நிற்கும் பிட்டுக்கு வந்துசேர வேண்டும். ஆறியபின் மிதி பழையபடி கெட்டியாகத் தோன்றலாம். அதை நம்பித் திரவத்தை மாற்றாமல் மறுபடி இறங்குவது உயிரோடு விளையாடுவது. இவ்வளவு வேறுபாடுள்ள இரண்டை எப்படி ஐயா ஒரு சொல்லில் அடைப்பது?

'மங்கல்' என்ற சொல்லே பொருந்தவும் இல்லை. விளக்கு மங்கும், பார்வை மங்கும். பிரேக்கை நாம் 'பிடிக்கிறோம்'. அது கெட்டால் 'பிரேக் பிடிக்கவில்லை' என்கிறோம். வேர்ச்சொல் ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது. ஆகவே முதல் வகைக்குப் 'பிடிச்சோர்வு' என்று முன்மொழிகிறேன். சோர்தல் என்பதற்குக் களைத்தல் என்பதோடு, கையிலிருந்து நழுவுதல் என்ற பொருளும் உண்டு. இரண்டும் இங்கே பொருந்துகின்றன.

இரண்டாம் வகைக்கு 'மிதித் தொய்வு'. சென்ற மடலில் அம்மா ஒருவர் 'மென்மிதி' என்றார். அழகான சொல்தான். ஆனால் சில கார்களில் மிதி இயல்பிலேயே மென்மையாக இருக்கும். அது கோளாறு அன்று. இறுக்கமாக இருந்தது தளர்ந்து இறங்குவதே தொய்தல். எச்சரிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

> 'பிரேக் ஆயில்' என்பதைப் 'பிரேக் எண்ணெய்' என்று எழுதலாமா?

வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். பேச்சில் 'ஆயில்' நிலைத்துவிட்டது, அதை மாற்ற முடியாது. ஆனால் அச்சில் 'எண்ணெய்' என்று போட்டால், என்ஜின் எண்ணெயைப் போன்ற ஒன்றுதான் என்று எண்ணி யாரேனும் ஊற்றிவிடக்கூடும். கனிம எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுப்போகும். 'பிரேக் திரவம்' என்றே இருக்கட்டும்.

அதன் கீழே இந்த விவரத்தையும் சேர்க்க வேண்டும்: டாட் 4 என்ற தரவகைப் பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலைக்கு அதே விதி கேட்பது வெறும் 155 டிகிரிதான். டாட் 3-க்கு இந்த எண்கள் 205, 140. எப்போது மாற்றினோம் என்றே தெரியாத திரவத்தோடு தடத்துக்கு வருவதுதான் மிதித் தொய்வுக்கு நேர்வழி. புதிய திரவத்துக்கும் நீர் சேர்ந்த திரவத்துக்கும் உரிய இந்தக் கொதிநிலைகளை முறையே 'உலர் கொதிநிலை', 'ஈரக் கொதிநிலை' என்று எழுதுவதில் யாருக்கும் மறுப்பு இராது என்று நம்புகிறேன்.

புதுப் பேடுகளைப் படிப்படியாகச் சூடேற்றி, ஆறவிட்டு, தடத்துக்கு ஆயத்தமாக்கும் வேலைக்குப் 'பழக்குதல்' என்பதைத் தவிர வேறு சொல்லைத் தேடாதீர்கள். புது மண்சட்டியை அடுப்பேற்றுவதற்குமுன் பழக்குகிறோம் அல்லவா, அதே வினைதான். பழக்காத பேடில் பிடிச்சோர்வு சீக்கிரம் வரும் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடலாம்.

'தட நாள்' குறித்து நீண்ட விவாதம் தேவையில்லை. 'பந்தய நாள்' தவறு. அங்கே போட்டி இல்லை, கடிகாரத்தோடு மல்லுக்கட்டுவதும் இல்லை. 'ஓடுதள நாள்' என்பது, 1990-க்கு முன் சோழவரத்தின் பழைய விமானத் தளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்துக்கு வேண்டுமானால் பொருந்தியிருக்கும். தலைக்கவசம், கொடிகள், டயரின் குளிர் அழுத்தம், சூட்டு அழுத்தம் ஆகியவற்றில் சென்ற வாரப் பட்டியலே சரி. ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டுகிறேன்: பிரேக் ஆறுவதற்காக மெதுவாக ஓட்டும் கடைசிச் சுற்றை 'ஆற்றுச் சுற்று' என்றால் நதியைச் சுற்றுவதாகப் படிக்கிறார்கள். 'ஆறவிடும் சுற்று' என்று விரித்தே எழுதுவோம். அது முடிந்து நிறுத்தியதும் கைப்பிரேக்கை இழுக்கக்கூடாது, கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும் என்பதும் அங்கேயே வரட்டும்.

இன்னும் முடிவாகாதது ஒன்று. பட்டறையில் ஒருவர் உள்ளே உட்கார்ந்து 'மிதி, பிடி, விடு' என்ற குரலுக்கேற்ப மிதிக்க, மற்றவர் சக்கரத்தருகே குந்தித் திருகைத் திறந்து, தெளிந்த குழாயில் பழுப்புத் திரவமும் குமிழிகளும் வெளியேறுவதைப் பார்த்து மூடுகிறாரே, அந்த வேலைக்கு 'ஏர் எடுப்பது' என்று பெயர். 'குமிழி நீக்கம்' என்றால் காற்றும் ஆவியும் இரண்டும் அடங்கும். பொருள் துல்லியம் அதில்தான். ஆனாலும் என் வாக்கு 'காற்றெடுப்பு' என்பதற்கே. தட நாளுக்கு முந்தைய வாரம் ஓட்டுநர் போய் நிற்கப்போவது மெக்கானிக்கின் முன்னால். அவருக்கு உடனே விளங்குகிற சொல் அது. பட்டறை வேலை தெரிந்த உறுப்பினர்கள், உங்கள் ஊரில் வேறு வழக்கு இருந்தால் எழுதுங்கள். பட்டியலை மூடுவதற்குமுன் அதையும் சேர்த்துவிடுகிறேன்.