பதினொன்றாம் வகுப்புக்கு மோல்: பசங்களே கையால் செய்து பார்க்க ஏதாவது உண்டா?

கெடிலக்கரை டீச்சர்:
வணக்கம். கடலூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். மோல் என்றால் 6.022 பெருக்கல் 10 அடுக்கு 23 துகள்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறார்கள். ஆனால் 5 கிராம் கால்சியம் கார்பனேட்டில் அமிலம் ஊற்றினால் எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும் என்று கேட்டால், ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. லேப் பன்னிரண்டாம் வகுப்புக்கே போதவில்லை. செலவு அதிகம் இல்லாமல், ஒரு பீரியடில் முடிகிற மாதிரி சொல்லுங்கள். எரிமலை பொங்குகிற வித்தை வேண்டாம். கைதட்டுவார்கள், கணக்கு அப்படியே நிற்கும்.

உப்பளம் வாத்தியார் (ஓய்வு), புதுச்சேரி:
பதிலையும் நீங்களே சொல்லிட்டீங்களேம்மா. அந்த 5 கிராமைப் பசங்க கையிலயே கொடுத்துடுங்க. தேவனாம்பட்டினம் பக்கத்துலதானே இருக்கு, கிளிஞ்சலுக்குக் காசா பணமா? அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான்.

இடிச்சு ரவை பதத்துக்குக் கொண்டு வாங்க. மாவாக்கினா நுரை பொங்கி வழியும். முழுசாப் போட்டா பெல் அடிச்சாலும் கரையாது. 0.01 கிராம் காட்டுற பாக்கெட் தராசு வேணும், 500 கிராம் வரைக்கும் தாங்குறதாப் பார்த்து வாங்குங்க. சமையல்கட்டுத் தராசு ஆகாது. அது ஒவ்வொரு கிராமாத் தாவும், நமக்கு மொத்த விஷயமே வாயுவாப் போற ரெண்டு கிராம்தான்.

250 மில்லி கூம்புக் குடுவையில 2 மோலார் (லிட்டருக்கு 2 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலம் 60 மில்லி. கணக்குப்படி 50 போதும், கூட 10 இருந்தாத்தான் கடைசித் துணுக்கும் கரையும். குடுவை, அமிலம், காகிதத்துல மடிச்ச 5 கிராம் கிளிஞ்சல், வாயை அடைக்கக் கொஞ்சம் பஞ்சு, எல்லாத்தையும் ஒண்ணாத் தராசுல வெச்சு எடை எடுங்க. அப்புறம் கிளிஞ்சலைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொட்டி, ஒவ்வொரு தடவையும் பஞ்சைத் தளர்வா வைங்க. சாரல் வெளியே போச்சுன்னா அதுவும் எடையில குறையும். காகிதத்தைத் தராசுலயே விட்டுடணும்.

கொட்டறதுக்கு முன்னாடி, எவ்வளவு எடை இறங்கும்னு ஒவ்வொருத்தரும் நோட்டுல எழுதணும். பக்கத்துல எட்டிப் பார்க்கக் கூடாது. ஒரு மோல் கால்சியம் கார்பனேட் 100 கிராம், அது ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடு தரும், அதாவது 44 கிராம் வாயு, அப்போ 5 கிராமுக்கு 2.2. சிலர் 5ன்னே எழுதுவாங்க, கரைஞ்சதெல்லாம் காணாமப் போச்சுங்கிற நினைப்புல. சிலர் 0ன்னு எழுதுவாங்க, வாயுவுக்கு ஏது எடைன்னு. பரீட்சைப் பேப்பர்ல மாட்டாதது அந்த நோட்டுல மாட்டும்.

தராசு 2.2 காட்டாது. 2.0 பக்கம் நிக்கும். அப்பத்தான் நம்ம வேலையே ஆரம்பம். மிச்சம் எங்க போச்சுன்னு கேளுங்க. கொஞ்சம் வாயு கரைசல்லயே கரைஞ்சிருக்கும். கொஞ்சம் காத்தைவிடக் கனம்கிறதால குடுவைக்குள்ளயே குந்தியிருக்கும். கிளிஞ்சலும் சொக்கத் தங்கம் கிடையாது. பஞ்சை எடுத்துட்டுக் குடுவையை மெதுவா ஆட்டி, அட்டையால விசிறி, பஞ்சோட திரும்ப எடை போடச் சொல்லுங்க. இன்னும் கொஞ்சம் இறங்கும். இறங்கினதும் பசங்க முகத்தைப் பாருங்க.

அடர் அமிலத்தை நீங்களே முதல் நாள் நீர்க்க வெச்சுடுங்க. தண்ணியிலதான் அமிலத்தை ஊத்தணும், அமிலத்துல தண்ணியை ஊத்தவே கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும்.

பண்ருட்டிக்காரன்:
சார், கிளிஞ்சலுக்கு எங்க போறதுன்னு வகுப்புல இருந்த சாக்பீஸை இடிச்சுப் போட்டேன். ஒரு குமிழி வரலை. புத்தகத்துல சாக் கால்சியம் கார்பனேட்னுதானே இருக்கு?

உப்பளம் வாத்தியார்:
புத்தகத்துல இருக்கிறது பாறைச் சுண்ணாம்பு தம்பி. டப்பாவுல வர்ற சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். நீர்த்த அமிலம் அதுகிட்ட வாயு வாங்க முடியாது. அதையும் ஒரு குழுவுக்குக் கொடுங்க, ஏன் பொங்கலைன்னு அவங்களே மண்டையைப் பிச்சுக்கட்டும். கடல் தூரம்னா முட்டை ஓடு போதும். உள் ஜவ்வை உரிச்சுட்டுக் காயவைங்க.

வில்லியனூர் வேதியியல்:
எல்லாம் சரி. பாடம் முடியலைன்னா ஹெச்.எம். கேட்கிறது நம்மளைத்தான். ப்ராக்டிகல்ல வராத சோதனைக்கு ரெண்டு பீரியட் கொடுக்க முடியுமா?

உப்பளம் வாத்தியார்:
ஒரு பீரியட்தான் சார். இதைப் பண்ணினவங்களுக்கு வேதிவினைக்கூறு விகிதவியல் (எது எவ்வளவு போட்டா எது எவ்வளவு வரும்ங்கிற) கணக்கு போர்டுல பாதி போட்டாப் போதும், மீதியை அவங்களே போட்டுடுவாங்க. அங்க மிச்சமாகிற நேரத்தைக் கணக்குல சேர்த்துக்கங்க. ரெண்டாவது பீரியட் தானாக் கிடைச்சா, குடுவையில மிஞ்சின கரைசலை வடிகட்டிச் சலவை சோடாக் கரைசல் விடுங்க. மிஞ்சின அமிலம் தீர்ற வரைக்கும் பொங்கும், அப்புறம் வெள்ளையா வீழ்படிவு இறங்கும். அது திரும்ப கால்சியம் கார்பனேட்தான். அலசி, காயவெச்சு எடை போட்டா, ஆரம்பிச்ச 5 கிராமுக்கு எவ்வளவு பக்கத்துல வருதுன்னு குழுவுக்குக் குழு போட்டியே நடக்கும்.

கெடிலக்கரை டீச்சர்:
ரொம்ப நன்றி சார். திங்கட்கிழமையே செய்துவிடுகிறேன். கிளிஞ்சலில் கடல் உப்பு ஒட்டியிருக்குமே, கணக்கு கெடாதா?

உப்பளம் வாத்தியார்:
கெடும். உப்பு எடையில சேரும், ஆனா வாயு தராது. ஈரமும் அப்படித்தான். ஒரு ராத்திரி நல்ல தண்ணியில ஊறப்போட்டு, ரெண்டு மூணு தண்ணி மாத்தி அலசி, வெயில்ல மொறமொறன்னு காயவைங்க. உள்ள உயிரோட இருக்கிற சிப்பியைப் பசங்க பொறுக்கிட்டு வந்துடப் போறாங்க, கரையிலயே பார்த்துக் கடல்ல விட்டுடச் சொல்லுங்க. இல்லேன்னா திங்கட்கிழமை லேப்ல யாரும் நிக்க முடியாது.