பொருள்: ‘பின்வாங்கல்’ சரியா? (திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது)

காட்பாடியிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். சுற்றுச்சூழல் பாடக்குறிப்பு முடிந்துவிட்டது, இரண்டு சொல்லில் நிற்கிறேன். கடல்மட்டம் ஏற ஏறத் தடுப்புக் கரையை உயர்த்திக்கொண்டே இருக்காமல், உள்ளே தள்ளிப் புதுக்கரை போட்டுவிட்டுப் பழையதை வேண்டுமென்றே உடைத்து நிலத்தைக் கடலுக்கு விடுகிறார்கள். இங்கிலாந்தில் எசெக்ஸ் பக்கம் வாலசீ தீவில் 2015-இல் இப்படி உடைத்தார்கள். அதற்கு முன் லண்டன் ரயில் சுரங்கத்தில் தோண்டிய மண், 30 லட்சம் டன்னுக்கு மேல், கப்பலில் வந்து தாழ்ந்த வயலை மேடாக்கியது. இப்போது அங்கே சேறு, உவர்ச்சதுப்பு, உள்ளான் கூட்டம். இப்படிக் கரையை உடைத்து நிலம் விடும் முறைக்கு ‘திட்டமிட்ட பின்வாங்கல்’, கடல் ஏறும்போது மூழ்கி இறங்கும்போது வெளிப்படும் நிலத்துக்கு ‘ஓதவிடை நிலம்’ (ஓதம் என்றால் கடலின் ஏற்ற இறக்கம்) என்று போட்டிருக்கிறேன்.

ஆரணி:
பின்வாங்கல் வேண்டாம் சார். தமிழில் உள்வாங்குவதும் பின்வாங்குவதும் கடல். 2004-இல் எல்லோரும் அப்படித்தானே சொன்னார்கள்? இங்கே பின்னே போவது நாம். புறமுதுகு வாடையும் அடிக்கிறது. ‘விடுகரை’ என்று போடுங்கள். வினைத்தொகை. விட்ட கரை, விடுகின்ற கரை, விடும் கரை, மூன்று காலமும் உள்ளே.

வாலாஜா:
ஊறுகாய் மாதிரி மூன்று காலமும் இருக்கட்டும், ஆனால் விடுவது கரையையா? கரையை உடைக்கிறார்கள், விடுவது நிலத்தை. அப்படியானால் ‘விடுநிலம்’. அதைத் தாலுகா ஆபீசில் தரிசு என்று எழுதிவிடுவார்கள்.

குடியாத்தம்:
நான் பிறந்தது பரங்கிப்பேட்டை, வாக்கப்பட்டதுதான் இந்தப் பக்கம். எங்கள் ஊரில் ஓதவிடை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஏத்தம், வத்தம். எழுதும்போது ‘ஏற்றவற்றம்’. தண்ணியில்லாத ஆற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கடலுக்குப் பெயர் வைத்தால் இப்படித்தான் ஆகும்!

ஆற்காடு:
அம்மா, பாலாற்றைச் சொல்லிக் காட்ட வேண்டாம். ஓதம் சங்கத் தமிழ். ஓதுவதிலிருந்து வந்ததோ என்னவோ, ஓயாமல் ஓதுகிற கடல். ‘உவா’ என்ற முழுநிலவுக்கும் இதற்கும் உறவு உண்டா என்று முப்பது வருஷமாக யோசிக்கிறேன். ‘ஓதை’ என்றால் ஓசை, அதிலிருந்து…

வாலாஜா:
ஐயா, எங்கள் தெருவில் ஓதம் என்றால் சுவரில் அடிக்கிற ஓதம். இன்னொரு ஓதம் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டியது. ‘ஓதவிடை’யைப் பையன்கள் ஓதுவதற்கான விடை என்று மனப்பாடம் பண்ணுவார்கள்.

ஆற்காடு:
சிரியுங்கள். நம் ஊர்ச் சொல் ஒன்று தருகிறேன். ஏரி உள்வாய். நிரம்பினால் தண்ணீருக்கு, வற்றினால் வெள்ளரிக்கு. இரண்டு பேருக்கும் பாதிப்பாதி சொந்தமான நிலம் என்று இங்கே யாருக்கும் விளக்கவே வேண்டாம். ‘கடல் உள்வாய்’ என்று ஏன் சொல்லக் கூடாது?

குடியாத்தம்:
ஏரி வருஷத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை. வெள்ளரி எங்கே போடுவது ஐயா? அது நண்டுக்கும் மீன்குஞ்சுக்குமான இடம்.

ஆரணி:
கடைசியாக ஒன்று. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். அதில் போய்ப் ‘பின்வாங்கல்’ என்று வைத்தால் இரங்கல் கூட்டம்தான். உள்ளே தடுப்பு, வெளியே ஏறுகிற கடல், நடுவில் நசுங்குகிற சதுப்பு. அதற்கு இடம் விடுகிறோம். ‘விடு’ இல்லாமல் இந்தச் சொல் இல்லை.

காட்பாடி:
மணி பதினொன்று. எண்ணிப் பார்த்தேன்: பின்வாங்கலுக்கு நான்கு, விடுகரைக்கு இரண்டு, ஆற்காடு ஐயா இன்னும் ஓதையில் இருக்கிறார். ‘திட்டமிட்ட பின்வாங்கல்’ என்றே அச்சுக்குப் போகிறது, பின்வாங்குவது யார் என்று அடியில் ஒரு வரி. ஓதவிடையை எடுத்துவிட்டு ‘ஏற்றவற்ற நிலம்’ போட்டேன். குடியாத்தம் மேடத்துக்கு நன்றி.

ஆரணி:
என் வகுப்பில் விடுகரைதான்.

வாலாஜா:
அது கிடக்கட்டும், ‘வாலசீ’ என்று நெடிலில் எழுதினால் பையன்கள் ‘சீ’ என்பார்களே. ‘வாலசி’ போதாதா?